கமிஷனரின் அப்பாவுக்கு நாங்கள் செய்த மரியாதை

எனக்கு எழுபத்தாறு வயது. இத்தனை வருஷத்தில் மூன்றே மூன்று பொய்தான் சொல்லியிருக்கிறேன். அதில் இரண்டு என் வயதைப் பற்றியது. ஆகையால் கீழே எழுதியிருப்பதை நீங்கள் தாராளமாக நம்பலாம். நம்ப முடியாத இடங்கள் நடுநடுவே வரும். அவையெல்லாம் முனிசிபாலிடியில் நடந்தவை, என் சொந்தச் சரக்கு அல்ல.

எங்கள் ஊர் காளிங்கப்பட்டு. நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில், நீங்கள் திருப்பதிக்கு பஸ்ஸில் போகும்போது தூங்கிக்கொண்டே தாண்டிப் போகிற ஊர்களில் ஒன்று. கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் இதை முனிசிபாலிடி ஆக்கினார்கள். அதனால் வந்த மாறுதல் என்னவென்றால், முன்பு ஒரே ஆள் செய்யாமல் வைத்திருந்த வேலையை இப்போது பதினாறு பேர் சேர்ந்து செய்யாமல் வைத்திருக்கிறார்கள்.

ஊர்க்கோடியில் எங்கள் ஏழுமலை நகர். அறுபத்திரண்டு வீடு. நுழைகிற இடத்தில் செங்கம்மாவின் டிபன் கடை. போர்டு கிடையாது, காலை ஆறு மணிக்கு நிற்கிற லாரிகள்தான் போர்டு. கடைக்குப் பின்னால் ஒரு கிணறு. செங்கம்மாவின் அப்பா கடப்பாரையும் தானுமாகப் பாறையை உடைத்து வெட்டிய கிணறு அது. இரண்டு கோடைக்கு முன்னால் நகரில் இருக்கிற போர்வெல் எல்லாம் வற்றிக் காற்று விட்டபோது அறுபத்திரண்டு வீடும் அந்தக் கிணற்றைத்தான் குடித்தது. செங்கம்மாவின் இட்லி ஏன் அப்படி இருக்கிறது என்று டிரைவர்கள் கேட்பார்கள். "மாவுல இன்னா கீது நைனா? எல்லாம் தண்ணில கீது" என்பாள்.

இன்னொரு விஷயம் சொல்லிவிட வேண்டும். ஜில்லாவை இரண்டாகப் பிரித்தபோது கோடு எங்கள் நகர் வழியாகப் போயிற்று. எந்தப் புண்ணியவான் போட்டானோ, சரியாகச் செங்கம்மாவின் சமையலறை நடுவில் போட்டான். அடுப்பு சித்தூர் ஜில்லா, கிணறு திருப்பதி ஜில்லா. அவள் திருப்பதி ஜில்லாவில் தண்ணீர் சேந்தி, சித்தூர் ஜில்லாவில் இட்லி வேக வைத்து வியாபாரம் செய்துகொண்டிருந்தாள். இதனால் இட்லிக்கு ஒரு கெடுதலும் வரவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கடைக்குப் பக்கத்துப் பொறம்போக்கில் மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள் முளைத்திருந்தன. நட்டவர்கள் கடையில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார்கள்.

"இன்னா சாரு கட்டப் போறீங்கோ?" என்று செங்கம்மா கேட்டாள்.

"மானவ வ்யர்த்த அம்ருத கேந்த்ரம்" என்றார் எட்டு இட்லி முடித்தவர்.

"அப்டின்னா?"

"டவுன்ல கீற அத்தினி வூட்டு கக்கூஸ் டேங்கையும் லாரியில உறிஞ்சிக்கினு வந்து இங்க ஊத்துவோம்மா. காய வெப்போம். எருவாயிடும். நாளைக்கு இருவத்திரண்டு லாரி. கொஞ்சம் சட்னி போடு."

அவர் இட்லியை முழுங்கிவிட்டார். செங்கம்மாவால்தான் முழுங்க முடியவில்லை. அவர்கள் போனதும் மஞ்சள் கல்லிலிருந்து கிணறு வரைக்கும் பாதம் வைத்து அளந்தாள். அறுபத்தோரு அடி. அவளுக்குச் சின்னப் பாதம். அறுபது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று மத்தியானமே நகர் நலச் சங்கம் கூடியது. தலைவர் ஜெகநாதன். நகரியில் எட்டு விசைத்தறி வைத்திருக்கிறார், நெய்வது மேடைச் சால்வை. இந்தப் பக்கத்து மேடைகளில் யார் தோளில் என்ன விழுந்தாலும் அதில் பாதி அவர் தறியில் பிறந்தது. ஆபீசரைச் சால்வை இல்லாமல் பார்ப்பது, சட்டை இல்லாமல் சம்பந்தி வீட்டுக்குப் போவது போல என்பது அவர் கொள்கை. பைக் பெட்டியில் எப்போதும் நாலு சால்வையும் ஒரு டஜன் எலுமிச்சம்பழமும் இருக்கும். அவரிடம் மணி என்ன என்று கேட்டுவிட்டு நானே ஒரு தடவை சால்வையோடு வீடு திரும்பியிருக்கிறேன்.

"எதிர்ப்பைத் தெரிவிக்கணும், ஆனா மரியாதையாத் தெரிவிக்கணும்" என்றார் ஜெகநாதன். எல்லோரும் கை தட்டினோம். எங்கள் தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

மறுநாள் கமிஷனர் ஆபீசுக்குப் போனோம். கமிஷனர் ராம்ப்ரசாத் நல்ல மனுஷர். அவருடைய நாற்காலிக்குப் பின்னால் ஊர் மேப் ஒன்று சின்னதாகவும், அவர் அப்பா படம் ஒன்று பெரிதாகவும் மாட்டியிருந்தன. படத்துக்கு மாலை, சீரோ வாட் பல்பு.

"ரண்டி, கூர்சோண்டி" என்று உட்காரச் சொன்னார். உட்கார்ந்தோம். அவர் தெலுங்கில் பேசினார். நான் தமிழில் எழுதுகிறேன். மணம் கொஞ்சம் குறைந்தால் என் தவறு.

"எங்க அப்பா ரங்கையா காரு பள்ளிக்கூட வாத்தியார். தினம் நாலு மைல் நடந்து போய்ப் பாடம் சொன்னவர். 'ராமூ, ஜனங்க சொல்றதைக் காது கொடுத்துக் கேளுடா' என்று அடிக்கடி சொல்லுவார்" என்று ஆரம்பித்து நாற்பது நிமிஷம் பேசினார். அது முடிந்ததும், கேட்பதற்கு நேரம் இல்லை என்று எழுந்துவிட்டார்.

எழுந்தவரின் தோளில் ஜெகநாதன் சால்வையைப் போட்டார். செங்கம்மா மனுவை நீட்டிக்கொண்டு, "வேணாம் சார், எங்க நைனா வெட்ன கிணறு சார்" என்று ஆரம்பித்தாள். முனிசிபாலிடி போட்டோகிராபர் அப்போது பளிச்சென்று ஒன்று அடித்தார். மனு கொடுக்கிறபோது எடுக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. சால்வை விழுகிறபோதுதான் எடுப்பார்.

அடுத்த நாள் பேப்பரில் உள்ளூர்ப் பக்கத்தில் வந்தது: 'சுத்திகரிப்பு நிலையம் தந்த கமிஷனருக்கு ஏழுமலை நகர் மக்கள் நன்றி.' படத்தில் ஜெகநாதன் சிரிக்கிறார். செங்கம்மா வாயைத் திறந்துகொண்டு நிற்கிறாள். கீழே, 'ஆனந்தத்தில் வாயடைத்து நிற்கும் பெண்மணி.'

"வாயடைச்சா நிக்கறேன்? வேணாம்னு சொல்லிக்கினு இருந்த வாய்ணா அது!" என்றாள் என்னிடம்.

"படத்துல சத்தம் வராதும்மா" என்றேன்.

பிறகு ஸ்தலத்தைப் பார்க்க இன்ஜினியர் கோவர்த்தனன் வந்தார். இந்தத் தடவை சால்வையே கிடையாது என்று செங்கம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஜெகநாதனும் சாமி மேல் சத்தியம் செய்தார்.

கோவர்த்தனன் ஜீப்பை விட்டு இறங்கினார், வணக்கம் சொன்னார், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். சால்வைக்கு வாகாக. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், உடம்பு பழகிவிட்டது. நாங்கள் பேசாமல் நின்றோம். ஐந்து நிமிஷம் ஆயிற்று. கழுத்து திரும்பவில்லை. பத்து நிமிஷம். ஒரு காக்காய் வந்து அவர் தோளில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, இது கம்பம் இல்லை என்று தெரிந்து போய்விட்டது. பதினைந்தாவது நிமிஷம் ஜெகநாதன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"மனுஷன் கஷ்டப்படறாரு செங்கம்மா. என்னால பார்க்க முடியல" என்று ஓடிப்போய் பைக் பெட்டியைத் திறந்தார். சால்வை விழுந்ததும் கழுத்து கடக்கென்று நேரானது. எல்லோருக்கும் கேட்டது.

அதன் பிறகு இன்ஜினியர் வேலையில் இறங்கினார். அதாவது, கிணற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"சார், கொஞ்சம் இப்டி திரும்புங்க. கிணறு கீது பாருங்க" என்றாள் செங்கம்மா.

"திரும்ப மாட்டேம்மா. குடிக்கிற தண்ணிக் கிணறு பக்கத்துல இதைக் கட்டக் கூடாதுன்னு ரூல் இருக்கு. நான் பார்த்துட்டா எழுதணும். எழுதினா பைல் நிக்கும். பைல் நின்னா மேலே இருந்து ஏன்னு கேப்பாங்க. எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு."

"மேப்புல கூடவா இல்ல?"

கோவர்த்தனன் மேப்பை விரித்துக் காட்டினார். உண்மையாகவே இல்லை. ஜில்லாக் கோடு வரைக்கும் பச்சை, நீலம், சிவப்பு எல்லாம் இருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளை.

"அது திருப்பதி ஜில்லா. எங்களுக்கு வெள்ளைதான். வெள்ளையில எப்படிம்மா கிணறு இருக்கும்?"

"அப்ப நாத்தம்? அது கோட்டாண்ட வந்ததும் நின்னுடுமா சார்?"

"நாத்தம் ஜில்லா விட்டு ஜில்லா போனா அது ரெண்டு ஜில்லா சம்பந்தப்பட்ட விஷயம். அதுக்குத் தனி கமிட்டி. இன்னும் போடல" என்றார். தாகமாக இருக்கிறது என்று சொல்லி அந்த வெள்ளையிலிருந்து சேந்திய தண்ணீரை இரண்டு சொம்பு குடித்தார். நல்ல தண்ணீர் என்று பாராட்டவும் செய்தார்.

எங்கள் ஆட்சேபணையையாவது எழுதிக்கொள்ளுங்கள் என்றேன் நான். அவர் போனை எடுத்துக் காட்டினார். முனிசிபாலிடி ஆப். ஜனங்களின் கருத்து என்ற இடத்தைத் தொட்டால் மூன்று வாக்கியம் விழுகிறது. ஒன்று, வரவேற்கிறார்கள். இரண்டு, மிகவும் வரவேற்கிறார்கள். மூன்று, கண்ணீர் மல்க வரவேற்கிறார்கள்.

"நாலாவது?" என்றேன்.

"மூணே போதும்னுதான் ஆர்டர் கொடுத்தாங்க பெரியவரே. மூணாவதே இதுவரைக்கும் யாருக்கும் தேவைப்படல" என்று சொல்லிவிட்டு, 'மிகவும்' என்பதைத் தொட்டார். சால்வை போட்டதால் சாதாரண வரவேற்பு என்று எழுத அவருக்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லையாம்.

பிறகு வந்தது பொதுஜனக் கருத்துக் கேட்புக் கூட்டம். எங்கள் நகர் மைதானத்தில் ஷாமியானா. பத்து மணிக்கு என்று நோட்டீஸ். பன்னிரண்டேகாலுக்கு மேடை நிரம்பியது. குத்துவிளக்கை ஏழு ஆபீசர்கள் ஏற்றினார்கள். ஐந்து முகம்தான் இருந்தது. மிச்ச இரண்டு பேருக்காக ஏற்கெனவே எரிந்த இரண்டு திரியை அணைத்து மறுபடி ஏற்றினார்கள். கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, வரவேற்றவரை வரவேற்கிற உரை. ஜெகநாதன் மறுபடியும் சத்தியத்தை மீறிவிடுவாரோ என்று பயந்து அவரை முதல் வரிசையில் என் பக்கத்தில் உட்கார வைத்து வேட்டி நுனியைப் பிடித்திருந்தேன். ஆனால் சால்வை அவர் வீட்டிலிருந்து முன்பே போய்விட்டிருந்தது. முனிசிபாலிடியே அவர் தறியில் ஏழு சால்வைக்கு ஆர்டர் கொடுத்திருந்தது.

கமிஷனர் எழுந்தார்.

"எங்க அப்பா ரங்கையா காரு தினம் பதினோரு மைல் நடந்து பள்ளிக்கூடம் போனவர்" என்றார். ஒரு மாசத்தில் ஏழு மைல் கூடிவிட்டது. "வழியில இரண்டு ஆறு. ஒரு நாள் சிறுத்தைகூட வந்தது. சிறுத்தையிடமும் நல்ல வார்த்தை சொல்லி அனுப்பினார். அவர் மகன் நான் உங்களுக்குக் கெடுதல் பண்ணுவேனா? நாத்தம் என்கிறீர்கள். டிரெயினிங்குக்கு வெளி மாநிலம் போனபோது இப்படி ஒரு நிலையத்துக்குள்ளே நின்றுகொண்டு காபி குடித்தேன். நன்றாக இருந்தது, இன்னொரு காபியும் குடித்தேன். சந்தன வாசனை! இது கழிவு நிலையம் இல்லை, கோயில். எங்க அப்பா இன்றைக்கு உயிரோடு இருந்தால், 'ராமூ, என்னை இந்த நிலையத்தின் பக்கத்திலேயே குடி வைடா' என்று கேட்டிருப்பார்!"

கை தட்டினார்கள். மேடையில் இருந்தவர்கள்தான்.

இப்படி மூன்று மணி நேரம். கடைசியில் ஜனங்களின் கருத்துக்கு நாலு நிமிஷம் இருந்தது. அதில் இரண்டு நிமிஷம் மைக்கை இறக்கப் போயிற்று. செங்கம்மா மைக்கைப் பிடித்தாள். அந்த அம்மாள் நாற்பது லாரி டிரைவரை ஒரே சமயத்தில் அதட்டுகிறவள். அன்றைக்குக் கெஞ்சினாள்.

"எங்க நைனா வெட்ன கிணறு சார் அது. ஒண்டி ஆளா வெட்னாரு. தண்ணி வந்த அன்னிக்கு உள்ளயே குந்திக்கினு அழுதாரு. மேல வர மாட்டேன்னுட்டாரு. இப்ப அதுல—"

"நன்றியுரை" என்றார் மேடையில் ஒருவர். மைக் மேலே போய்விட்டது. செங்கம்மா மைக் இல்லாத இடத்தில் நின்று அழுதாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல்.

கோவர்த்தனன் அவளை உருக்கமாகப் பார்த்தார். பிறகு போனை எடுத்து மூன்றாவது வாக்கியத்தைத் தொட்டார்.

மறுநாள் காலையில் கடை திறக்கவில்லை. லாரிகள் நின்று நின்று பார்த்துவிட்டுப் போயின. உள்ளே போனேன். அடுப்பு குளிர்ந்து கிடந்தது. செங்கம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை அஸ்திவாரக் கல்லு நடறாங்களாம்ணா. நான் அரக்கோணத்துல தம்பி வூட்டாண்ட போயிடறேன். அந்தத் தண்ணில இட்லி ஊத்தி யாருக்குப் போடறது?"

ஜெகநாதன் மூலையில் குற்றவாளி போல் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு சால்வை. விட முடியவில்லை அவருக்கு.

எனக்கு அன்றைக்குக் காலை டிபன் இல்லாததால் மூளை கொஞ்சம் வேலை செய்தது.

"செங்கம்மா, நாம எதிர்த்தா வரவேற்புன்னு எழுதறாங்க. அழுதா கண்ணீர் மல்க வரவேற்புன்னு எழுதறாங்க. நாம உண்மையாவே ஒரு தடவை வரவேத்துப் பார்த்தா என்ன?"

"இன்னாணா சொல்றே? இன்னும் பசியோட கீறியா?"

"கமிஷனர் என்ன சொன்னாரு? அது கோயில்னு சொன்னாரு. அவங்க அப்பா அங்கேயே குடியிருக்க ஆசைப்பட்டிருப்பாருன்னு சொன்னாரு. ஒரு மகன் மேடையில சொன்ன ஆசையை நாம நிறைவேத்தணுமா வேணாமா?"

ஜெகநாதன் தலையை நிமிர்த்தினார். மரியாதை செய்ய வழி இருக்கிறது என்று தெரிந்ததும் முகத்தில் ரத்தம் வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் சங்கம் கூடித் தீர்மானம் போட்டது. நிலையத்துக்குக் கமிஷனரின் அப்பா பெயர் வைக்க வேண்டும். கல்லை நகர் ஜனங்களே செய்து கொடுப்பார்கள். டேங்கர் லாரி இருபத்திரண்டின் முதுகிலும் பெரியவர் படம் வரைய வேண்டும். கோவர்த்தனனைக் கூப்பிட்டுத் தீர்மானத்தைக் கொடுத்தோம். அவர் பாதி படித்து நிறுத்தினார், என்னைப் பார்த்தார், செங்கம்மாவைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கிணற்றின் பக்கமும் ஒரு ஓரப் பார்வை பார்த்தார்.

"ஆப்ல ஏத்தவா?" என்றார்.

"கண்ணீர் மல்கன்னு போட்டு ஏத்துங்க" என்றாள் செங்கம்மா.

எங்கள் ஆட்சேபணை ஆறு மாசமானாலும் மேலே போயிருக்காது. வரவேற்பு அரை மணி நேரத்தில் போய்விட்டது. மேல் ஆபீசில் அப்படி ஒன்றை அவர்கள் பார்த்ததே இல்லையாம். மறுநாளே உத்தரவு வந்தது: பெயர் வைக்க அனுமதி. ஜனங்களின் அன்பைச் சம்பாதித்த கமிஷனருக்குப் பாராட்டு. மற்ற முனிசிபாலிடி கமிஷனர்களும் இதை முன்மாதிரியாகக் கொண்டு தங்கள் தாய் தந்தையர் பெயரை இதுபோன்ற நிலையங்களுக்குக் கொடுக்கப் பரிசீலிக்க வேண்டும். சுற்று வட்டாரத்தில் நாலு கமிஷனர்கள் அன்றைக்கே மெடிக்கல் லீவில் போனார்கள் என்று கேள்வி.

கல் புதன்கிழமை தயாராகிவிட்டது. நல்ல கறுப்புக் கல், கண்ணாடி மாதிரி பாலிஷ். தமிழிலும் தெலுங்கிலும் தங்க எழுத்து:

'அமரர் ஆசிரியர் ரங்கையா நினைவு கக்கூஸ் கழிவு நிலையம்.'

கீழே சின்ன எழுத்தில், 'இவர் தினமும் பதினோரு மைல் நடந்தார்.'

'அம்ருத கேந்த்ரம்' என்று போடலாமே என்று ஜெகநாதன் கேட்டார். படிக்கிறவர்களுக்குப் புரியாது என்று சொல்லிவிட்டேன். கல்லுக்கு அவர் தன் கையால் தனியாக நெய்த சால்வையைப் போர்த்தினார். அப்படியொரு சால்வையை எனக்குப் போட்டிருந்தால் நான் அன்றைக்கே செத்திருப்பேன், சந்தோஷத்தில்.

வியாழக்கிழமை மத்தியானம். செங்கம்மா கடையைத் திறந்திருந்தாள், அடுப்பு மட்டும் மூட்டவில்லை. ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஜீப் இல்லை, டவாலிச் சேவகன் இல்லை, போட்டோகிராபர் இல்லை. கமிஷனர் ராம்ப்ரசாத் தனியாக இறங்கினார். கழுத்து நேராகவே இருந்தது. ஜெகநாதனின் கை பெட்டிப் பக்கம் போயிற்று. பிறகு அதுவே நின்றுவிட்டது.

கமிஷனர் சால்வையை விலக்கிக் கல்லைப் படித்தார். இரண்டு பாஷையிலும் படித்தார்.

"பெரியவரே, இது வேண்டாமே" என்றார்.

"நீங்க அடக்கமா சொல்றீங்க சார்" என்றேன்.

"அடக்கம் இல்லை. எங்க அம்மா காலையில போன் பண்ணாங்க. 'ராமூ, அப்பா பேர்ல என்னமோ கட்டறாங்களாமே, ஸ்கூலா, ஆஸ்பத்திரியா? நம்ம ஜனம் நாற்பது பேர் வேன் பேசியாச்சு'ன்னாங்க. நான் லைன் கட் ஆன மாதிரி வெச்சிட்டேன்."

"சந்தன வாசனை வரும்னு சொல்லுங்க சார்" என்றார் ஜெகநாதன். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்குக் கிண்டல் தெரியாது.

கமிஷனர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பேரை ரத்து பண்ண மேலே எழுதினால், ஏன் என்று கேட்பார்கள்; நாறும் என்று எழுதினால், பின்னே ஏன் அங்கே கட்டுகிறாய் என்று கேட்பார்கள். இதையெல்லாம் அவர் வாயால் சொல்லவில்லை, வேர்வையிலேயே தெரிந்தது.

"அம்மா, எங்க அப்பா பேரு அந்த இடத்துல வேண்டாம்மா" என்றார் செங்கம்மாவிடம். மேடைக்குரல் இல்லை. "அவர் நிஜமாகவே நடந்து போனவர். நாலு மைல்தான். ஆனா நடந்தார்."

செங்கம்மா சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"துளி குடிங்க சார். உங்க நைனா நடந்தாரு. எங்க நைனா வெட்னாரு. எந்தப் பேரு வெச்சாலும் கொட்றது கக்கூஸ்தானே சார். உங்க நைனா பேரு அங்க கூடாதுன்னா, எங்க நைனா தண்ணில மட்டும் அது கலக்கலாமா?"

அவர் குடித்தார். சொம்பைக் கீழே வைத்தார். பிறகு போனை எடுத்து, "கோவர்த்தனன், உடனே வா. மேப் கொண்டு வா" என்றார்.

கோவர்த்தனன் வந்தார். அன்றைக்கு மூன்றரை மணிக்குக் காளிங்கப்பட்டு முனிசிபாலிடி ஒரு கிணற்றைக் கண்டுபிடித்தது. இன்ஜினியர் திரும்பி நின்று நன்றாகப் பார்த்தார். "கிணறு இருக்கு சார்! குடிக்கிற தண்ணி! அறுபது அடி!" என்று கூவினார். ஒரு மாசமாக அவர் அடக்கி வைத்திருந்த கூவல் அது. சிவப்பு ஸ்கெட்ச் பேனாவை எடுத்து மேப்பின் வெள்ளையில் ஒரு வட்டம் போட்டார். திருப்பதி ஜில்லாவில் சித்தூர் ஜில்லாக்காரர் வட்டம் போடலாமா என்று நான் கேட்கவில்லை. சில நேரம் சட்டத்தை விட மனுஷாள் முக்கியம்.

நிலையமே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் வீட்டு டேங்கும் நிரம்புகிற டேங்க்தான். எட்டு கிலோமீட்டர் தள்ளி, யாரும் இல்லாத பழைய கல் குவாரிப் பள்ளம் ஒன்று முதல் நாளிலிருந்தே பைலில் இருந்ததாம். ஆனால் அங்கே ஷாமியானா போட இடம் இல்லை என்று தள்ளிவிட்டிருந்தார்கள். இப்போது நிலையம் அங்கேதான் ஓடுகிறது. அதற்குப் பேரும் இல்லை, கல்லும் இல்லை. கமிஷனர் தன் அம்மாவிடம் ஊர் நூலகத்துக்குத்தான் பேர் வைத்தார்கள் என்று சொன்னாராம். சொன்னதற்காக ஒரு நூலகம் கட்டவும் வேண்டியதாயிற்று. நல்ல நூலகம், காலையில் அங்கேதான் நான் பேப்பர் படிக்கிறேன்.

கல்லை என்ன செய்வது என்று கேட்டபோது, "முகத்தைக் கீழே போட்டு வையுங்க. காலில் படாமல்" என்றார் அவர். அப்படியே கிணற்றோரமாக, எழுத்து மண்ணைப் பார்க்க, நாலு செங்கல் மேல் படுக்க வைத்தோம். செங்கம்மா அதன் மேல் குடத்தைத் தவிர வேறு எதையும் வைப்பதில்லை.

ராம்ப்ரசாத் மாற்றலாகிப் போய்ப் புதுக் கமிஷனர் வந்திருக்கிறார். ஸ்வர்ணலதா என்று பேர். வந்த பதினைந்தாவது நாள் கடைக்குப் பக்கத்தில் மறுபடியும் மஞ்சள் கல். இந்தத் தடவை கோழிக் கழிவு என்றார்கள்.

போன திங்கட்கிழமை மூன்று பேரும் அவரைப் பார்க்கப் போனோம். ஜெகநாதன் சால்வை போட்டார், எலுமிச்சம்பழம் கொடுத்தார். போட்டோ எடுத்தார்கள். அம்மணி சந்தோஷமாக, "கோழிக் கழிவைப் பற்றி ஏதாவது ஆட்சேபணை இருக்கிறதா?" என்றார்.

"ஒண்ணும் இல்ல மேடம்" என்றாள் செங்கம்மா, கையைக் கட்டிக்கொண்டு. "ஒரே ஒரு சந்தேகம். உங்க நைனா பேரு இன்னாங்க?"

"எதுக்கு?"

"எங்காண்ட நல்ல கறுப்புக் கல்லு ஒண்ணு கீது. பின்பக்கம் இன்னும் காலிதான்."